திரும்பி வருவதற்கான அத்தாட்சி

அன்று பின்னேரம் வீட்டில் இருந்தவர்கள்:

அக்கா பிரான்சிஸ்கா. வீடு அவளுடையது.

ஜே.பி. அமிர்தநாயகம், ஊரின் சமாதான நீதவான், இறப்பர் முத்திரையோடும் ஊதா மைப்பெட்டியோடும்.

கலந்தர், ஐஸ் கம்பனியில் என்னோடு இரவு வேலை செய்பவன். பலகாரத்துக்காக வந்தவன்.

அண்ணன் செபமாலை, சீனிப் போத்தலில் சாய்த்துவைத்த கைத்தொலைபேசிக்குள், பேர்ண் நகரத்துச் சமையலறை ஒன்றின் பின்வாசலில்.

நான், எமிலியான். முப்பத்தைந்து வயது. பகல் நித்திரையைப் பாதியில் விட்டு எழும்பி வந்திருந்தேன்.

ஆனி கழிந்து ஆடி பிறக்கவிருந்த ஒரு ஞாயிறு. சுவிஸ் விசாவுக்கு பைல் கட்டிய நாள். மேசை நிறையக் கடதாசி. நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, ஜே.பி. அசலையும் பிரதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'உண்மைப் பிரதி' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார். பிறப்புச் சான்றிதழ். சாரதி அனுமதிப்பத்திரம். வேலைக் கடிதம். கடைசியாக என் கொப்பியிலிருந்து கிழித்த நாலு தாள்கள்.

"இது என்னடா?"

"பயணத் திட்டம். ஒம்பது நாள். எந்த நாள் எந்தக் கணவாய், எத்தினை கிலோமீற்றர், எங்க படுக்கை எண்டு எழுதியிருக்கிறன்."

ஜே.பி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எல்லாம் மோட்டச்சைக்கிளிலயா?"

"ஓம்."

"ஆரோட?"

"தனிய."

"அந்த மலைக்கு மேல என்ன கிடக்கு?"

"மற்றப் பக்கம் இறங்கிற றோட்டு."

கலந்தர் வாய்ப்பனை விழுங்கிவிட்டுச் சொன்னான்: "ஐயா, இவன் மன்னார்ப் பாலத்தில ஏறேக்கையே கியர் மாத்திற ஆள். மலை இவனைப் பாத்துச் சிரிக்கப்போகுது."

போத்தலில் சாய்ந்திருந்த அண்ணன் கையைக் காட்டினான். "டேய், மலையெல்லாம் பிறகு. விமான நிலையத்தில இருந்து நேர வீட்டை வா. மிச்சத்தை இஞ்ச இருந்து கதைப்பம்."

"மிச்சம் என்ன இருக்குக் கதைக்க? பதினோராம் நாள் திரும்பி வாற டிக்கெட். அதுவும் பைலுக்குள்ளதான் கிடக்கு."

"ஓமோம். டிக்கெட்." அண்ணன் சிரித்தான். ஜே.பி.யும் சிரித்தார். கலந்தர்கூட. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஜே.பி.யின் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். சற்று நேரத்தில் ஜே.பி.யும் கை கழுவ வேண்டும் என்று பின்னால் போனார். வரும்போது அவர் கையில் ஒட்டிய வெள்ளை உறை ஒன்று இருந்தது. அதன் வாயிலும் முத்திரை குத்தியிருந்தது. அதை அவர் பைலின் அடியில் வைத்தார்.

"இது?"

"என்ர அத்தாட்சிக் கடிதம். அங்க கேப்பாங்கள்."

நான் திறந்து பார்க்கவில்லை. முத்திரை குத்திய உறையைத் திறந்தால் செல்லாது என்று நினைத்தேன். அது என் பிழை. அதை வேறு யார் மேலும் போட முடியாது.

அவர்கள் சிரித்ததில் எனக்குக் கோபமில்லை. எங்கள் தெருவிலிருந்து மட்டும் பதினேழு பேர் சுவிசுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே பிரஜையாகிவிட்டு ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்கு வந்து போகிறவர்களைக் கணக்கில் எடுக்காவிட்டால், திரும்பி வந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் பெட்டியில் வந்தார். விருப்பப்பட்டு, பதினோராம் நாள் டிக்கெட்டில் வந்தவர் எவரும் இல்லை. அப்படியொருவன் இருப்பான் என்று நம்ப அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

நான் போக நினைத்தது ஒரு கலண்டரால். 2004இல் அண்ணன் அனுப்பியது. ஆடி மாதத் தாளில் ஒரு படம். சாம்பல் நிற மலை, அதில் கயிற்றை எறிந்தது போல ஒரு றோட்டு, மேலே போய் மேகத்துக்குள் முடிகிறது. வீடு இல்லை. வாகனம் இல்லை. ஆள் இல்லை. மற்ற மாதங்களில் பூக்களும் மாடுகளும் இருந்தன. நான் ஆடியை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன். ஸ்டெல்வியோ என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தது. அது இத்தாலியில் இருக்கிறது, சுவிஸ் எல்லைக்குப் பக்கத்தில், என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உயரம் இரண்டாயிரத்து எழுநூற்றைம்பது மீற்றருக்கும் மேல். வடக்குப் பக்கத்தால் ஏறினால் நாற்பத்தெட்டு கொண்டையூசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதிய கல்.

பேராதனையில் பொறியியல் படிக்கப் போய் இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்தேன். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களுக்குப் பல காரணங்கள் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் சரியில்லை. காலையில் எழும்பி அத்தனை பேருக்கு நடுவில் போய் உட்கார என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். ஐஸ் கம்பனி இரவு வேலைக்கு ஆள் கேட்டது. பத்து வருடமாக அங்கேதான். இயந்திரத்தின் அளவுமானியைப் பார்ப்பது, கட்டி இறுகியதும் தகரப் பெட்டிகளைத் தூக்கிக் கவிழ்ப்பது, விடியப் போகும் படகுகளுக்கு உடைத்துக் கொடுப்பது. ஊர் எழும்பும்போது நான் படுக்கப் போவேன். இரவு வேலைக்காரனுக்குச் சண்டை சச்சரவு குறைவு. சிநேகிதமும் குறைவு.

திட்டம் போட மூன்று வருடம் எடுத்தது. மன்னாரில் இருந்துகொண்டு மலைக்குப் பழகுவது லேசான காரியம் இல்லை. தீவு முழுக்கப் பலகை போல மட்டம். ஆக உயரமானவை தெற்குக் கரையில் நிற்கும் காற்றாடிக் கோபுரங்கள். அதில் மோட்டார் சைக்கிள் ஏறாது. ஆகவே வற்றுக்கடலில் தண்ணீர் வடிந்து தரை இறுகிக் கிடக்கும் இடத்தில் வலைக்குக் கட்டும் மிதப்புக்கட்டைகளை வைத்து வளைவுகள் போட்டேன். ஒரு வளைவின் உள்விட்டம் எவ்வளவு, அடுத்ததற்கு எத்தனை அடி என்று படங்களிலிருந்து கணித்து வைத்தேன். வேலை முடிந்த காலையில் நாற்பத்தெட்டையும் இரண்டு தரம் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். கட்டைகளின் சொந்தக்காரர் ஒருநாள் வந்து, "தம்பி, ஆரையும் தேடுறியோ?" என்று கேட்டார்.

குளிருக்கு ஐஸ் அறை இருந்தது. கணவாயின் உச்சியில் ஆவணி மாதத்திலும் விடிய மூன்று, நாலு பாகைதான் இருக்கும் என்று வாசித்தேன். கையுறை போட்டுக்கொண்டு ஐஸ் அறைக்குள் உட்கார்ந்து, பழைய கிளச் பிடியொன்றை இருபது நிமிடம் பிடித்து விட்டுப் பழகினேன். கலந்தர் வாசலில் நின்று நேரம் பார்ப்பான்.

"எத்தினை?"

"பதினாலு நிமிசம். மச்சான், விரல் விழுந்தா எனக்குச் சொல்லு. உறைய முந்திப் பொறுக்கோணும்."

அங்கே ஓடுவது போல வலப்பக்கத்தால் ஓட்டிப் பழகுவதுதான் பெரிய பாடு. தலைமன்னார் றோட்டில் விடிய ஆறு மணிக்கு முன் வாகனம் குறைவு. கலந்தர் முன்னுக்கு நடுவில் போவான், எதிரே ஏதும் வந்தால் கையைத் தூக்குவான். நான் பின்னால் வலப்பக்கத்தில். மூன்றாம் நாள் அவன் கையைத் தூக்க மறந்தான். பஸ் சாரதி தலையை வெளியே நீட்டி என்னைப் பேசிய பேச்சில் என் இரண்டு தலைமுறையும் அடங்கியது. கலந்தர் றோட்டோரத்தில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு, "நீ உண்மையாத் திரும்பி வருவாய் எண்டுதான் நான் நினைக்கிறன்" என்றான். "இவ்வளவையும் பழகினவன் அங்க போய்க் கோப்பை கழுவ நிக்கமாட்டான்." அதைச் சொன்ன ஒரே ஆள் அவன்தான்.

கொழும்பில் விசா அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். தமிழ் கதைத்தாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"கலியாணம்?"

"இல்லை."

"பிள்ளைகள்?"

"இல்லை."

"காணி, வீடு உங்கட பேரில இருக்கா?"

"இல்லை. வீடு அக்காவுக்குச் சீதனமா எழுதினது."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வீடு பெண்பிள்ளைக்குப் போகும். ஆண்பிள்ளை கட்டும் பெண்ணின் வீட்டுக்குப் போவான். கட்டாத ஆண்பிள்ளை அக்காவின் பின் அறையில் இருப்பான். இதையெல்லாம் கண்ணாடியின் துவாரத்தால் சொல்ல முடியாது. அவள் படிவத்தில் ஏதோ கோடு போட்டாள்.

"அப்ப, நீங்க திரும்பி வருவீங்க எண்டதுக்கு வேற என்ன அத்தாட்சி இருக்கு?"

நான் வேலைக் கடிதத்தைக் காட்டினேன். பயணத் திட்டத்தைக் காட்டினேன். ஜே.பி.யின் உறையையும் கொடுத்தேன்.

ஐந்து கிழமை கழித்து, விசா இல்லாமல், கடவுச்சீட்டு வந்தது. ஒரு கடதாசியில் பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் புள்ளடி. குறித்த காலத்துக்குள் அவர்கள் நாட்டை விட்டுப் போவேன் என்பதில் நியாயமான சந்தேகம் உண்டு. முப்பது நாளுக்குள் ஆட்சேபிக்கலாம். அதோடு நான் கொடுத்த கடதாசிகளும் திரும்பி வந்தன. உறையைத் திறந்து, கடிதத்தைக் கிளிப்பில் செருகியிருந்தார்கள்.

ஆங்கிலத்தில் தட்டெழுத்து. இந்தத் தெருவில் அந்தக் கடிதத்தின் பிரதி இல்லாத அலுமாரி கிடையாது. 1990இலிருந்து, இந்தப் பக்கத்திலிருந்து வெளிநாடு போய் அகதித் தஞ்சம் கேட்டவர்கள் எல்லோருக்கும் ஜே.பி. எழுதிக் கொடுத்த கடிதம். பெயரும் திகதியும் மாறும். எனக்காகக் கொஞ்சம் திருத்தியிருந்தார். சண்டை, ஆமி என்ற வரிகளை எடுத்திருந்தார். மேற்படி எமிலியான் என்பவரை நான் சிறுவயது முதல் அறிவேன். இவருக்கு இந்த ஊரில் எதிர்காலம் கிடையாது. இவர் இங்கே தொடர்ந்து வாழ்வது இவரது உடலுக்கும் மனதுக்கும் கேடு. இவருக்கு இங்கே யாரும் இல்லை. ஆகவே தங்கள் மேலான நாடு இவரை மனமுவந்து ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

யாரோ பென்சிலால் ஒரு வரிக்குக் கீழே கோடு இழுத்திருந்தார்கள். யாரும் இல்லை என்ற வரிக்கு.

நேரே ஜே.பி. வீட்டுக்குப் போனேன். அவர் முன்விறாந்தைக் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை அவர் மடியில் போட்டேன்.

"என்ன, கிடைச்சிட்டுதோ?"

"இதை வாசிச்சா ஆர் குடுப்பான்? நான் கேட்டது சுற்றுலா விசா, ஜே.பி. ஐயா. வந்திட்டுப் போறதுக்கு."

அவர் கடிதத்தை முழுக்க வாசித்தார். தான் எழுதியதை முதல் தரம் வாசிப்பவர் மாதிரி. "பிரான்சிஸ்காதான் சொன்னவ, நல்லா அழுத்தி எழுதுங்கோ எண்டு. நான் எம்பசிக்கு எழுதுறது எல்லாம் இதுதானேடா. முப்பது வருசத்தில ஒருத்தனும் திரும்பி வாறதுக்குக் கடிதம் கேக்கேல்லை."

"நான் கேக்கிறன். இப்ப எழுதுங்கோ. திரும்பி வருவன் எண்டு எழுதுங்கோ. ஆட்சேபிக்க நாள் இருக்கு."

அவர் எழும்பி உள்ளே போய்க் கடதாசியும் பேனையும் கொண்டுவந்தார். அந்த விஷயத்தில் அவர் நல்ல மனிதர். "மேற்படி எமிலியான் கட்டாயம் திரும்பி வருவார்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு நிமிர்ந்தார். "ஏனெண்டால்?"

"வேலை இருக்கு."

"ஐஸ் உடைக்கவா? அங்க அதைச் சும்மா அள்ளலாம்." சிரித்துவிட்டு அடங்கினார். "சரி, கலியாணம் பேசியிருக்கு எண்டு போடட்டே? முருங்கன் பக்கம் ஒரு பெட்டை எண்டு?"

"பொய் எழுத வேண்டாம்."

"முந்தி எழுதினது மட்டும் என்னவாம்?"

"அது பொய் இல்லை" என்றேன்.

அவர் பேனையை மூடினார். தெருவில் மீன் வான் ஒன்று தண்ணீர் ஒழுக ஒழுகப் போனது. "அந்த ஏனெண்டாலுக்குப் பிறகு போட ஒண்டைக் கண்டுபிடிச்சுக்கொண்டு வா" என்றார். "உடன எழுதித் தாறன்."

வீட்டுக்கு வரும்போது பொழுது பட்டுவிட்டது. அக்கா கூட்டுறவுச் சங்கக்கடை வேலை முடிந்து வந்து புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அனுப்பிவைக்கிற வேலை எப்போதும் அவளுடையது. அண்ணனை இருபத்தெட்டு வருடத்துக்கு முன் அனுப்பினாள். அத்தானைக் கட்டாருக்கு அனுப்பி ஆறு வருடம். மகளை யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்து விடுதிக்கு அனுப்பினாள். ஒவ்வொரு தரமும் பெட்டி கட்டி, கடிதம் எடுத்து, மடுவுக்கு நேர்த்தி வைத்து. எனக்கும் வைத்திருந்தாள். மிச்சம் இருந்தது நான்தான்.

கடிதத்தை மேசையில் வைத்தேன். அவள் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக ஓடாது. ஆனால் பென்சில் கோடு தெரிந்தது.

"இதாலதானா?"

"இதாலயும்."

"நான் உனக்கு லேசாகட்டும் எண்டுதான்..." புட்டுக்குழலை இறக்கி வைத்தாள். "நீ திரும்பி வருவன் எண்டு சொல்லேக்க அது அவங்களுக்குச் சொல்லுற கதை எண்டு நினைச்சன். எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறது. அண்ணனும் இரண்டு வருசம் எண்டுதான் போனவர்."

"அக்கா, மூண்டு வருசமா நான் வற்றுக்கடலில சுத்தினது உனக்குத் தெரியும்."

"தெரியும். அதுதான் பயம். ஒரு மனுசன் கட்டையைச் சுத்தித் தனிய ஓடுறதை ஊர் பாக்குது. பகல் முழுக்கப் படுக்கிறாய். இரவு முழுக்க ஐஸோட இருக்கிறாய். அங்க போனா அண்ணன் இருக்கிறார், நாலு சனம் இருக்கு. ஒரு பெட்டையைப் பாத்துக் கட்டிவைப்பினம். இஞ்ச உனக்கு ஆர் இருக்கினம்?"

கேட்டுவிட்டு அவள் நின்றாள். அந்தக் கேள்வியை அவள்தான் கேட்டாள், இந்த வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், நான் சாப்பிடுவதற்குப் புட்டைக் கொட்டிக்கொண்டு. அதை இரண்டு பேரும் கவனித்தோம்.

சாப்பிட்டு முடிய அவள் அலுமாரியைத் திறந்து வீட்டின் உறுதிப் பத்திரத்தை எடுத்து வந்தாள். பச்சை மட்டையில் நூல் கட்டியிருந்தது.

"வீட்டை உன்ர பேருக்கு எழுதுறன். நொத்தாரிசு நாளைக்கு இருப்பார். வீடு இருந்தா நம்புவினம்தானே?"

"அத்தானுக்கு?"

"அவருக்கு நான் சொல்லுறன்."

அவள் சொல்லமாட்டாள். கூரை அத்தானுடைய உழைப்பு. அது தெரிந்தும் நான் யோசித்தேன். ஒரு நிமிடம் முழுதாக யோசித்தேன். அந்த உறுதி என் பேருக்கு மாறினால் புள்ளடி அழியலாம். நாற்பத்தெட்டுக் கல்லும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குத் தெரிந்தது. பிறகு கட்டாரில் இருந்து வரும் தொலைபேசி அழைப்பையும், அதை அக்கா காதில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நிற்பதையும் நினைத்தேன். பச்சை மட்டையை எடுத்து அலுமாரிக்குள் பழையபடி வைத்தேன்.

"வேண்டாம்."

"அப்ப போகமாட்டாய்?"

"இந்த வருசம் இல்லை. ஆட்சேபிச்சு முடிவு வர ஐப்பசி ஆகிடும். பனி விழுந்து கணவாயைப் பூட்டிப்போடுவாங்கள். வாற வருசம் ஆனிக்குப் போகத் திருப்பிக் கேப்பன்."

"அப்ப என்னத்தைச் சொல்லிக் கேப்பாய்?"

"தெரியாது."

"என்ர பேரைப் போடன். அக்கா இருக்கிறா எண்டு."

"மனைவிக்குப் பெட்டி இருக்கு. பிள்ளையளுக்குப் பெட்டி இருக்கு. தாய் தேப்பனுக்கும் இருக்கு. அக்காவுக்கு இல்லை."

அவள் தலையை ஆட்டினாள். பாத்திரங்களை அடுக்கிக்கொண்டு போனாள். நான் அறைக்குப் போய்க் கொப்பியை எடுத்து, முதல் தாளில் ஆவணி என்று இருந்ததை வெட்டி, ஆனி என்று எழுதினேன். வருடத்தையும் மாற்றினேன். கிலோமீற்றர்கள் மாறவில்லை. உடுப்பை மாற்றினேன். வேலைக்கு நேரமாகிவிட்டது.

வாசலில் சப்பாத்துப் போடும்போது அக்கா வந்தாள், கையில் கதவைப் பூட்டும் திறப்போடு. பத்து வருடமாக இதே நேரம், இதே இடம், இதே கேள்வி. நான் அதைக் கேள்வி என்று எடுத்ததில்லை.

"காலமை வருவாய்தானே?"

"ஓம்."

"ஆறு மணிக்கா?"

"ஆறே காலாகும். கட்டை சுத்திப்போட்டுத்தான் வருவன்."

"இனி என்னத்துக்கு?"

"பழக்கம் விட்டுப்போகும்."

நான் மோட்டார் சைக்கிளைத் தள்ளிப் படலைக்கு வெளியே எடுக்கும்வரை அவள் நின்றாள். பிறகு என் பின்னால் கதவு சாத்தியது. மேல் தாழ்ப்பாள் விழுந்தது. கீழ்த் தாழ்ப்பாள். கடைசியாகத் திறப்பு இரண்டு தரம் திரும்பியது.